மாடல் 100-க்குள் டிஎஸ்-டாஸை ஏற்றுவது எப்படி?

கேள்வி இதுதான்: டேண்டி மாடல் 100 என்கிற பழைய லேப்டாப் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, நன்றாக ஓடுகிறது, ஆனால் டிஸ்க் ட்ரைவ் இல்லை. இப்போதைய லேப்டாப்பையே ட்ரைவாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அதற்கு மாடல் 100-க்குள் டிஎஸ்-டாஸ் என்கிற, டிஸ்கைக் கையாளும் புரோகிராம் இருக்க வேண்டும். டிஎஸ்-டாஸோ டிஸ்கில் இருக்கிற ஒரு ஃபைல். டிஸ்கைத் தொட வேண்டுமென்றால் டிஎஸ்-டாஸ் வேண்டும். அப்படியானால் எங்கே தொடங்குவது?

முட்டையா கோழியா என்று தோன்றினாலும் இதற்கு நேரான வழி இருக்கிறது. மாடல் 100-இன் ரோமில் இருக்கும் பேசிக்குக்கு டிஸ்க் என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் சீரியல் போர்ட் தெரியும். ஒரு புரோகிராமைக் கேசட்டிலிருந்து வாங்குவதுபோலவே சீரியல் போர்ட்டிலிருந்தும் அது வாங்கி ஓட்டும். அதனால் முதலில் ஒரு சின்ன பேசிக் புரோகிராமைக் கேபிள் வழியாக அனுப்புகிறோம். அது டீனி என்கிற மிகச் சிறிய டிஸ்க் புரோகிராமை மெமரியில் உருவாக்கிக் கொடுக்கும். டீனி போய் டிஎஸ்-டாஸை எடுத்து வரும். அவ்வளவுதான். இதில் எந்த இடத்தில் எது தடுக்கும் என்று தெரிந்துகொண்டால் ஒரு மாலையில் முடிகிற வேலை.

இந்த மெஷினுக்கு ஏன் இந்தச் சுற்று வழி என்று புரிந்துகொள்வது நல்லது, பின்னால் வரும் பல விஷயங்கள் அதிலிருந்துதான் வருகின்றன. 1983-இல் வந்த மெஷின் இது. செய்தது ஜப்பானின் கியோசெரா, அமெரிக்காவில் விற்றது ரேடியோ ஷாக். இதே உடம்பில் கொஞ்சம் மாற்றத்தோடு வந்தவைதான் என்இசி பிசி-8201-உம் ஒலிவெட்டி எம்10-உம். இன்டெல் 80சி85 சிப், 40 எழுத்து அகலத்தில் 8 வரி திரை, நான்கு பென்சில் பேட்டரி. ரோம் மொத்தமே 32 கிலோபைட். அதற்குள் பேசிக், எழுதுவதற்கான டெக்ஸ்ட், மோடம் அல்லது சீரியல் போர்ட் வழியாகப் பேசுகிற டெல்காம், முகவரிக் குறிப்பு, நாட்குறிப்பு என ஐந்தையும் அடக்கியிருக்கிறார்கள். பில் கேட்ஸ் தன் கையால் பெரும்பகுதி கோட் எழுதிய கடைசி மென்பொருள் இதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த 32 கிலோபைட்டில் ஒரு மூலையைக் கூட வீணாக்கவில்லை என்பது பயன்படுத்தும்போது தெரியும். டிஸ்குக்கு மட்டும் அங்கே இடமில்லை. ஃபைல்கள் எல்லாம் ராமிலேயே இருக்கும், மெஷினை அணைத்தாலும் உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி அதைக் காப்பாற்றும். ராமில் இடம் தீர்ந்தால் கேசட்டில் பதிந்துவை என்பதுதான் அன்றைய ஏற்பாடு.

டேண்டி போர்ட்டபிள் டிஸ்க் ட்ரைவ் அதற்குப் பிறகு வந்தது. பிரதர் கம்பெனி செய்த ட்ரைவ். மூன்றரை அங்குல டிஸ்கில் 100 கிலோபைட், அதில் அதிகபட்சம் 40 ஃபைல். அடுத்து வந்த இரண்டாம் பதிப்பில் 200 கிலோபைட். முக்கியமான விஷயம், இந்த ட்ரைவ் சீரியல் போர்ட்டில்தான் மாட்டும், 19200 பாட் (விநாடிக்கு இத்தனை பிட்) வேகத்தில் பேசும். டிஸ்கில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்கிற கணக்கையெல்லாம் ட்ரைவே தனக்குள் வைத்திருக்கிற சிப்பால் பார்த்துக்கொள்ளும். மாடல் 100 கேட்க வேண்டியது ‘இந்தப் பெயருள்ள ஃபைலைத் திற’, ‘அடுத்த 128 பைட்டைக் கொடு’, ‘மூடு’ என்கிற மாதிரிச் சின்னக் கட்டளைகள்தான். ஒவ்வொரு கட்டளையும் இரண்டு இசட் எழுத்தில் தொடங்கும், பிறகு கட்டளை எண், நீளம், தரவு, கடைசியில் சரிபார்ப்புக்கு ஒரு பைட். இவ்வளவு எளிமையான பேச்சு என்பதால்தான் எந்தக் கம்ப்யூட்டரும் அந்த ட்ரைவின் இடத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல முடிகிறது. லினக்ஸிலும் மேக்கிலும் டிஎல்பிளஸ், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் லேடிஆல்ஃபா, விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் எம்காம் என்று இதற்கான புரோகிராம்கள் இருக்கின்றன. உங்கள் லேப்டாப்பில் இவற்றில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், மாடல் 100-ஐப் பொறுத்தவரை எதிரே இருப்பது நிஜமான ட்ரைவ்.

வேலை தொடங்குமுன் ஒன்று. பழைய மெஷின் ஒன்று ஓடுகிற நிலையில் வந்தால், மெனுவில் முந்தைய சொந்தக்காரரின் ஃபைல்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். பத்திரிகைக்காரர்கள் அதிகம் பயன்படுத்திய மெஷின் இது, யாருடைய குறிப்போ, வேறெங்கும் கிடைக்காத புரோகிராமோ உள்ளே இருக்கலாம். டெக்ஸ்ட் ஃபைலாக இருந்தால், கீழே சொல்கிறபடி கேபிளை மாட்டி டெல்காமை அமைத்து, எஃப்4 அழுத்தி டெர்மினலுக்குள் போன பிறகு எஃப்3 அழுத்தி லேப்டாப்புக்கு அனுப்பிவிடலாம். ஃபைல் பெயரைக் கேட்டபின் அகலம் என்று கேட்கும், அங்கே வெறுமனே என்டர் போதும். பேசிக் புரோகிராமாக இருந்தால் அதை முதலில் டெக்ஸ்ட் வடிவில் சேமிக்க வேண்டும், சேவ் கட்டளையில் பெயருக்குப் பிறகு ஒரு காற்புள்ளியும் ‘ஏ’ எழுத்தும் சேர்த்தால் போதும். இதைச் செய்யாமல் ரீசெட் பட்டன் பக்கம் போகவே வேண்டாம். கன்ட்ரோலையும் பிரேக்கையும் பிடித்துக்கொண்டு ரீசெட் அழுத்தினால் ராம் முழுக்கத் துடைக்கப்பட்டுவிடும்.

அப்புறம் உள் பேட்டரி. போர்டில் பற்றவைத்திருக்கிற 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி அது. நாற்பது வருஷம் ஆன பேட்டரி கசிந்து பக்கத்துத் தடங்களை அரித்துவிடும். மாற்றப்பட்டதா இல்லையா என்று தெரியாவிட்டால் மெஷினைத் திறந்து பார்த்துவிடுங்கள். டிஎஸ்-டாஸை ஏற்றுகிற உழைப்பெல்லாம் ராமில்தான் போய் உட்காரப்போகிறது. அந்த ராமைத் தாங்கும் பேட்டரி செத்திருந்தால், பென்சில் பேட்டரியை மாற்றுகிற அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் போய்விடும். மெஷினின் அடியில் மெமரி பவர் சுவிட்ச் ஒன்று இருக்கிறது, அது ஆன் பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அடாப்டர் வாங்கினால் 6 வோல்ட், நடு முனை நெகட்டிவ். இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நடு முனை பாசிட்டிவ் என்பதால் பார்த்து வாங்குங்கள்.

எல்லாம் துடைத்த நிலையில் மெனுவின் கீழ் வரியில் மீதி பைட் எவ்வளவு என்று காட்டும். முழு 32 கே மெஷினில் 29638. 24 கே மெஷினில் 21446. 8 கே மெஷினில் 5062. உங்களுடையதில் மெமரி முழுசாக இருக்கிறது என்று விற்றவர் சொல்லி, திரையில் 8192 குறைவாகக் காட்டினால் ஒரு மெமரி சிப் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். டிஸ்க் புரோகிராம் ஏற்றுவதற்கு முன்பே இது தெரிந்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் பிழையை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்போம்.

கேபிளில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். மாடல் 100-இன் பின்னால் இருப்பது 25 பின் பெண் கனெக்டர். யுஎஸ்பி-சீரியல் அடாப்டரில் இருப்பது 9 பின் ஆண் கனெக்டர். இரண்டுமே தன்னைக் கம்ப்யூட்டராக நினைக்கிறவை, மோடமாக அல்ல. அதனால் அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் குறுக்காகப் போகிற நல்-மோடம் கேபிள் வேண்டும், நேர் கேபிள் உதவாது. 25 பின் பக்கத்தின் 2, 3, 7 ஆகியவை 9 பின் பக்கத்தின் 2, 3, 5-க்குப் போக வேண்டும். எண்ணைப் பார்த்தால் 2-க்கு 2, 3-க்கு 3 என்று நேராகத்தான் தெரியும், ஆனால் 25 பின்னில் 2 அனுப்புவது, 9 பின்னில் 2 பெறுவது, அதனால் இதுதான் குறுக்குத் தொடர்பு. இந்த மூன்று கம்பி மட்டும் இருந்தால் டெல்காம் வேலை செய்யும். எதிரே ட்ரைவ் தயாராக இருக்கிறதா என்று மற்றப் பின்களைப் பார்க்கிற டிஸ்க் புரோகிராம் அதோடு நின்றுவிடக்கூடும். எனவே 25 பக்கத்தின் 4, 5, 6, 20 ஆகியவை முறையே 9 பக்கத்தின் 8, 7, 4, 6-க்குப் போகிற முழுக் கேபிளாகவே வாங்குங்கள் அல்லது செய்துகொள்ளுங்கள். ஆர்டுயினோ மாதிரியான போர்டிலிருந்து வரும் 5 வோல்ட் சீரியலை நேரே மாட்டக் கூடாது, நடுவே லெவல் மாற்றும் சிப் அவசியம்.

கேபிள் சரியா என்பதை டிஸ்க் புரோகிராமை வைத்துச் சோதிக்காதீர்கள், டெல்காமை வைத்துச் சோதியுங்கள். டெல்காமுக்குள் போனதும் மேலே எம்7ஐ1இ என்று ஏதோ தெரியும். முதலில் இருக்கிற எம் என்பது உள் மோடம். அங்கே ஒரு எண் வந்தால்தான் சீரியல் போர்ட் பக்கம் திரும்பும். எஃப்3 அழுத்தி 88என்1இ என்று கொடுங்கள். முதல் 8 என்பது வேகம், 9600 பாட். அடுத்த 8 எழுத்துக்கு எட்டு பிட். என் என்றால் பாரிட்டி, அதாவது பிழை பார்க்கிற கூடுதல் பிட், இல்லை. 1 ஸ்டாப் பிட். கடைசி இ என்பது எக்ஸ்-ஆன், எக்ஸ்-ஆஃப் என்கிற நிறுத்து-அனுப்பு ஏற்பாடு செயலில் இருக்கிறது என்பதற்கு. பிறகு எஃப்4. லேப்டாப்பில் டெரா டெர்ம் மாதிரி ஒரு டெர்மினல் புரோகிராமைத் திறந்து அதே அமைப்பு கொடுத்து, இங்கே தட்டுவது அங்கேயும் அங்கே தட்டுவது இங்கேயும் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுமே வரவில்லையென்றால் நேர் கேபிள் மாட்டியிருக்கிறீர்கள். புரியாத குறிகளாக வந்தால் வேகமோ பிட் எண்ணிக்கையோ பொருந்தவில்லை. இந்தச் சோதனை தேறாமல் அடுத்த கட்டத்துக்குப் போவதில் அர்த்தமில்லை.

சரி, இப்போது முதல் புரோகிராமை ஏற்றலாம். பேசிக்குக்குள் போய், ரன் என்று அடித்து மேற்கோள்குறிக்குள் காம்:98என்1இ கொடுத்து என்டர் தட்டுங்கள். 9 என்பது 19200 பாட். உங்களுடையது இதே குடும்பத்து டேண்டி 200 என்றால் கடைசியில் இன்னும் இரண்டு ‘என்’ எழுத்து சேர்க்க வேண்டும். கர்சர் கீழே போய் அப்படியே நிற்கும். மெஷின் தொங்கிவிட்டது என்று பயப்பட வேண்டாம், அது கேபிளில் காது வைத்துக் காத்திருக்கிறது. இப்போது லேப்டாப்பிலிருந்து பேசிக் ஏற்றியை, அதாவது முதலில் சொன்ன அந்தச் சின்ன பேசிக் புரோகிராமை, அனுப்ப வேண்டும். இது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். டேட்டா வரிகளில் எண்கள் வரிசையாக இருக்கும், மேலே இருக்கிற நாலைந்து வரி அந்த எண்களைப் படித்து மெமரியில் ஒவ்வொரு பைட்டாகப் போக் கட்டளையால் எழுதி, கடைசியில் சேவ்எம் கட்டளையால் டீனி.சிஓ என்று சேமிக்கும். டிஎல்பிளஸில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது, எந்த மெஷின் என்று சொன்னால் அதற்கான ஏற்றியை அதுவே சரியான நிதானத்தில் அனுப்பும். முதல் முறை செய்பவருக்கு நான் அந்த வழியைத்தான் சொல்வேன்.

நீங்களே டெரா டெர்மில் அனுப்புவதென்றால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, ஃபைலின் கடைசி எழுத்து கன்ட்ரோல்-இசட்டாக இருக்க வேண்டும், அதாவது 26 என்கிற பைட். பழைய ஃபைல்களில் அது இருக்கும். புதிய எடிட்டரில் திறந்து சேமித்தால் சில சமயம் காணாமல் போய்விடும். அது இல்லாவிட்டால் எல்லா வரியும் போய்ச் சேர்ந்த பிறகும் பேசிக் அடுத்த வரிக்காகக் காத்துக்கொண்டே இருக்கும், ரன் ஆகவே ஆகாது.

இரண்டாவது, வேகம். மெஷின் ஒவ்வொரு வரியையும் வாங்கிச் சுருக்கி மெமரியில் செருகிவிட்டுத்தான் அடுத்ததைப் பார்க்கும். அதுவரை வருகிற எழுத்துகள் 64 பைட் அளவுள்ள ஒரு சின்ன இடத்தில் காத்திருக்கும். 19200 பாட்டில் விநாடிக்கு 1920 எழுத்து வருகிறது, ஆக அந்த இடம் நிரம்ப ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு போதும். நிரம்பப்போகிறது என்றால் மாடல் 100 எக்ஸ்-ஆஃப் அனுப்பி ‘நிறுத்து’ என்று சொல்லும். பழைய கம்ப்யூட்டர்கள் அதைக் கேட்டு உடனே நிறுத்தும். யுஎஸ்பி அடாப்டரில் சிக்கல் என்னவென்றால், அந்தச் சேதி லேப்டாப்பின் டிரைவருக்கு வந்து சேர்வதற்குள் ஏற்கெனவே அடாப்டரின் உள்ளே போய்விட்ட எழுத்துகள் கொட்டிக்கொண்டே இருக்கும். விளைவு, டேட்டா வரியின் நடுவே நாலு எண் காணாமல் போகும். ஏற்றியில் கூட்டுத்தொகைச் சரிபார்ப்பு இருந்தால் பிழை என்று நின்றுவிடும். இல்லாவிட்டால் கெட்டுப்போன டீனி ஓடி மெமரியைக் கலைக்கும். எக்ஸ்-ஆஃபை சிப்பிலேயே கவனிக்கிற எஃப்டிடிஐ வகை அடாப்டர்கள் இதில் பரவாயில்லை. எந்த அடாப்டராக இருந்தாலும் பாதுகாப்பான வழி, டெரா டெர்மின் சீரியல் அமைப்பில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு வரிக்கும் இடையே சில மில்லிசெகண்ட் இடைவெளி கொடுத்து அனுப்புவது. அல்லது வேகத்தைக் குறைத்து 58என்1இ என்று கொடுத்தால் 1200 பாட், லேப்டாப்பிலும் அதே வேகம் வையுங்கள்; இரண்டாவது எண் 8 ஆகவே இருக்கட்டும். சில கிலோபைட் டெக்ஸ்ட்டுக்கு அரை நிமிஷம்தான் ஆகும், அதில் என்ன அவசரம்.

டீனியை நான் முதலில் ஏற்றச் சொல்வதற்குக் காரணம் அதன் அளவு. ஒரு கிலோபைட்டுக்கும் குறைவு. ஒரு ஃபைலை ட்ரைவிலிருந்து எடுக்கும், ட்ரைவில் போடும், அழிக்கும். என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று பட்டியல் காட்டாது, பெயரை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அழகில்லை, ஆனால் இவ்வளவு சின்னது என்பதால் கேபிள் வழியாகப் பிழையில்லாமல் போய்ச் சேர்வதற்கு வாய்ப்பு அதிகம். டிஎஸ்-டாஸையே நேராகப் பேசிக் ஏற்றியாக அனுப்புகிறவர்களும் உண்டு. அதில் டேட்டா எண்களாக விரிந்த டெக்ஸ்ட் மிக நீளமாகிவிடும், ஒரு எழுத்து தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். டீனி வழியாகப் போனால் டிஎஸ்-டாஸ் அந்த 128 பைட் துண்டுகளாக, ஒவ்வொன்றும் சரிபார்ப்புப் பைட்டோடு வருகிறது. வழியில் ஒன்று கெட்டாலும் தெரிந்துவிடும்.

இனி ஹைமெம். டிஸ்க் புரோகிராம் மெனுவில் வந்து உட்கார்ந்துவிட்டது, என்டர் தட்டினால் ‘பீப்’ என்று ஒரு சத்தம், திரும்ப மெனு. என்ன செய்தாலும் இதேதான். பலர் ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி ஏற்றுவார்கள். ஃபைல் நன்றாகத்தான் இருக்கும். சிஓ என்று முடிகிற ஃபைல் இயந்திர மொழி. அது மெமரியில் எந்த முகவரியில் ஓட வேண்டும் என்று எழுதினார்களோ அங்கேதான் ஓடும். அந்த இடத்தை மெஷின் பேசிக்குக்கும் ஃபைல்களுக்கும் கொடுத்துவைத்திருந்தால், அங்கே போட மறுத்து பீப் அடிக்கும். பேசிக்குக்குள்ளிருந்து ஓட்டினால் ஓஎம் எரர் என்று காட்டும். மெமரி போதவில்லை என்று அதற்கு அர்த்தம், ஆனால் மெனுவில் இருபதாயிரம் பைட் மீதி என்று தெரியும்போது அது குழப்பத்தான் செய்யும். போதாதது மொத்த மெமரி அல்ல, மேலே ஒதுக்கிவைத்த பகுதி.

அந்தப் பகுதி தொடங்கும் முகவரிதான் ஹைமெம். பேசிக்கில் பிரிண்ட் ஹைமெம் என்று கேட்டால் சொல்லும். எதுவும் ஒதுக்காத மெஷினில் அது மேக்ஸ்ராம் என்கிற உச்ச எண்ணாக இருக்கும், மாடல் 100-இல் 62960. புரோகிராம் 61000-இல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். க்ளியர் 256,61000 என்று கொடுத்தால் 61000-இலிருந்து மேலே உள்ளது அதற்காக விடப்படும். முதல் எண் பேசிக்கின் எழுத்துச் சரங்களுக்கான இடம், அது 256 ஆகவே இருக்கட்டும். பேசிக்கை விட்டு வெளியே வந்தாலும் இந்த ஒதுக்கீடு அப்படியே நிற்கும். இப்போது மெனுவில் என்டர் தட்டினால் ஓடும்.

தொடக்க முகவரி எங்கே தெரியும்? வழக்கமாகப் புரோகிராமோடு வருகிற குறிப்பில் இருக்கும். இல்லாவிட்டால் ஃபைலிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சிஓ ஃபைலின் முதல் ஆறு பைட்டும் விலாசம்தான்: இரண்டு பைட் தொடக்க முகவரி, இரண்டு பைட் நீளம், இரண்டு பைட் எங்கிருந்து ஓட வேண்டும் என்பது. லேப்டாப்பில் பைட்களைக் காட்டுகிற எடிட்டரில் திறந்து பாருங்கள். முதல் பைட் 72, இரண்டாவது 238 என்று இருந்தால், 238-ஐ 256-ஆல் பெருக்கி 72-ஐக் கூட்டுங்கள், 61000 வரும். இதை ஒருமுறை கையால் செய்து பார்த்தவருக்கு ஹைமெம் பிறகு ஒருபோதும் புதிராக இருக்காது.

இதில் ஒரு செலவு இருக்கிறது. சிஓ ஃபைல் ராமில் ஃபைலாக ஒரு இடம் பிடிக்கும், ஓடும்போது மேலே நகலாக இன்னொரு இடம் பிடிக்கும். டீனிக்கு இது பொருட்டல்ல. டிஎஸ்-டாஸ் சில கிலோபைட் உள்ளது, இரட்டிப்பாகும்போது 32 கே மெஷினிலேயே கண்ணுக்குத் தெரிகிற இழப்பு. 8 கே மெஷினில் இதை நினைக்கவே வேண்டாம். வேலை முடிந்ததும் க்ளியர் 256,மேக்ஸ்ராம் கொடுத்தால் மேலே ஒதுக்கியது திரும்பக் கிடைத்துவிடும். டிஸ்க் வேலை முடித்து நீண்ட கட்டுரை எழுத உட்காருகிறவர் இதை மறக்கக் கூடாது.

டிஎஸ்-டாஸை எடுத்து வருவது இதற்குப் பிறகு சுலபம். லேப்டாப்பில் ட்ரைவ் புரோகிராமை ஓடவிட்டு, அது பார்க்கிற ஃபோல்டரில் டாஸ்100.சிஓ ஃபைலைப் போட்டு வையுங்கள். பெயரில் ஆறு எழுத்து, புள்ளி, இரண்டு எழுத்து, அதற்கு மேல் மாடல் 100-க்குப் பிடிபடாது. டீனியில் அந்தப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் உங்கள் மெஷினுக்கான ஃபைல்தானா என்று இருமுறை பாருங்கள். டாஸ்100 மாடல் 100-க்கும் அதன் பிந்தைய பதிப்பான டேண்டி 102-க்கும். டேண்டி 200-க்கு டாஸ்200. என்இசிக்கு டாஸ்என்இசி. இவை ஒன்றுக்கொன்று மாற்றல்ல. டிஎஸ்-டாஸ் ரோமுக்குள் இருக்கிற வேலைகளை முகவரியைச் சொல்லி நேரே கூப்பிடுகிறது, வேறு மெஷினின் ரோமில் அந்த முகவரியில் வேறேதோ இருக்கும். மெஷின் உறைந்து, ராமும் துடைக்கப்பட்டுப் போகலாம். ஒலிவெட்டி எம்10-உம் பார்க்க மாடல் 100 போலவே இருந்தாலும் ரோம் வேறு, அதற்கென்று செய்த பதிப்பைத்தான் தேட வேண்டும்.

டிஎஸ்-டாஸை எழுதியது டிராவலிங் சாஃப்ட்வேர், பின்னாளில் லேப்லிங்க் என்கிற, ஃபைல்களைக் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாற்றும் மென்பொருள் மூலம் பெயர்பெற்ற கம்பெனி. ட்ரைவோடு டேண்டி கொடுத்த ஃப்ளாப்பி என்கிற புரோகிராமைவிட இதை எல்லோரும் விரும்பியதற்குக் காரணம் உண்டு. டிஸ்கில் இருப்பதைத் திரையில் வரிசையாகப் பார்க்கலாம், அம்புக்குறியால் நகர்ந்து தேர்ந்தெடுக்கலாம், லேப்டாப் ட்ரைவாக இருக்கும்போது ஃபோல்டர்களுக்குள்ளும் போய்வரலாம். மேலே இருக்கிற ஃபோல்டர் பேரன்ட் என்ற பெயரில் பட்டியலில் தெரியும்.

தினமும் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் ராமில் டிஎஸ்-டாஸ் வைத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெஷினின் அடியில் ஒரு சின்ன மூடிக்குக் கீழே ஆப்ஷன் ரோம் சாக்கெட் இருக்கிறது. டிஎஸ்-டாஸ் ரோம் சிப்பாகவும் வந்தது. அதை மாட்டி, பேசிக்கில் ஒரே ஒருமுறை கால் 63012 கொடுத்தால் மெனுவில் வந்துவிடும். இந்த எண் மாடல் 100-க்கும் 102-க்கும் மட்டும். ராமில் இடம் பிடிக்காது, பேட்டரி இறந்தாலும் போகாது. அந்த சாக்கெட்டின் பின் வரிசை வழக்கமான ரோம் சிப்போடு பொருந்தாது, அதனால் சந்தையில் கிடைக்கிற ஏதோ ஒரு சிப்பில் எழுதி நேரே செருக முடியாது, இடையில் அடாப்டர் போர்டு வேண்டும். இன்று பெரும்பாலோர் ரெக்ஸ் என்கிற சின்ன போர்டைப் போடுகிறார்கள். பல ரோம்களை ஃபிளாஷில் வைத்து மாற்றிக்கொள்ளலாம், ராம் முழுவதையும் அப்படியே படமெடுத்து வைக்கவும் அதில் வசதி உண்டு. அல்டிமேட் ரோம் 2 என்கிற பழைய ஆப்ஷன் ரோம் இன்னொரு வழி செய்தது: டிஎஸ்-டாஸை உள்ளே வைக்காமல், தேவைப்படும்போது ட்ரைவிலிருந்து டாஸ்100.சிஓ ஃபைலைத் தானே எடுத்து ஓட்டிவிட்டு விட்டுவிடும். மெமரி குறைவாக இருந்தவர்களுக்கு அருமையான யோசனை. டிஎல்பிளஸ் இன்றும் அதற்கு ஈடுகொடுக்கிறது.

பின்னால் நிஜமான ட்ரைவும் கிடைத்துவிட்டால் இரண்டே விஷயம். உள்ளே இருக்கிற ரப்பர் பெல்ட் பெரும்பாலும் இளகியோ அறுந்தோ போயிருக்கும், மாற்றாமல் டிஸ்கைச் செருகாதீர்கள். டிஸ்க் டபுள் டென்சிட்டியாக இருக்க வேண்டும், 1.44 மெகாபைட் வகை நம்பகமில்லை. அந்த ட்ரைவில் எழுதிய டிஸ்கை எந்தப் பிசி ஃப்ளாப்பி ட்ரைவும் படிக்காது, எழுதும் முறையே வேறு. ஆகவே பழைய டிஸ்குகள் சேர்ந்து கிடைத்தால், அவற்றில் இருப்பதை எடுக்க அதே ட்ரைவைத்தான் சீரியல் கேபிளில் மாட்டியாக வேண்டும். ட்ரைவோடு வந்த கேபிள் சாதாரணக் கேபிள் அல்ல, ட்ரைவ் பக்கக் கனெக்டரும் வேறு. விற்பவரிடம் ட்ரைவைவிட முதலில் அந்தக் கேபிள் இருக்கிறதா என்று கேளுங்கள்.